ஏணி: ஏறுவதா, எறிவதா?

அந்தஸ்து ஆசைதான் அத்தனை தீமைக்கும் ஆணிவேராம்! அடிக்கடி கேட்கிறோம் இந்த உபதேசத்தை. திருமணப் பந்தலிலே கேட்கிறோம். ஆண்டு விழா மேடையிலே கேட்கிறோம். ஆலை முதலாளிக்கு நடக்கும் பாராட்டுக் கூட்டத்திலே கேட்கிறோம். "பெரியவனாக வேண்டும் என்று துடிக்காதே, பிறர் மதிக்க வேண்டும் என்று ஏங்காதே, கிடைத்த இடத்தில் அடங்கி இரு, அமைதி தானாக வரும்" என்று இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள்.

பேச்சு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் பேசுபவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று பார்க்கிறோம். பட்டு விரித்த நாற்காலியிலே! கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கிறோம். கைகட்டியபடி கதவோரத்திலே! வயிறு முட்ட உண்டு ஏப்பம் விட்டவர், பட்டினி கிடப்பவனுக்குப் பத்தியம் சொல்லுவதைப் போல அல்லவா இருக்கிறது இந்த உபதேசம்!

அவர்கள் பேச்சில் உண்மை அறவே இல்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. உண்மை உண்டு. ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக வட்டிக்கு வாங்கி வாணவேடிக்கை நடத்திவிட்டு, அந்த வட்டிக்கே வாழ்நாளெல்லாம் உழைப்பவனைப் பார்க்கிறோம். மாப்பிள்ளையின் தகுதிக்கு இவ்வளவு, அவர் படிப்புக்கு இவ்வளவு என்று பேரம் பேசிப் பெண் வீட்டாரை ஓட்டாண்டியாக்குவோரையும் பார்க்கிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. பேரம் இன்னும் நின்றபாடில்லை. பெருமைப் பித்துப் பிடித்தவன் குடும்பத்தைக் கெடுப்பான், ஊரைக் கெடுப்பான், இயக்கத்தையும் கெடுப்பான். இதை மறுப்பார் யார்?

நோய் இருக்கிறது என்பதிலே ஐயமில்லை. நோயின் வேர் எது என்பதிலேதான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு.

மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசை ஒன்று. மிதிக்க வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. நிமிர்ந்து நிற்க நினைப்பவனும் அடுத்தவன் முதுகின்மேல் நிற்க நினைப்பவனும் ஒரே குற்றவாளிகளா? இரண்டுக்கும் 'அந்தஸ்து ஆசை' என்று ஒரே பெயர் சூட்டி, ஒரே கூண்டிலே ஏற்றுகிறார்களே, இது அறியாமையா? அல்லது அறிந்தே செய்யும் தந்திரமா?

புத்தரைத் துணைக்கு அழைப்பார்கள். "ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றாரே அவர்!" என்பார்கள். சொன்னவர் வேறு என்ன செய்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சாக்கியர் குலத்து இளவரசர்கள் சிலர் துறவுக்கு வந்தபோது, அவர்களுடைய முடிதிருத்தும் தொழிலாளி உபாலியும் உடன் வந்தார் என்கின்றன பௌத்த நூல்கள். முதலில் உபாலிக்கே துறவு தரப்பட்டது. சங்கத்திலே முன்னே சேர்ந்தவரைப் பின்னே சேர்ந்தவர் வணங்க வேண்டும். ஆகவே, நேற்றுவரை எவர் குனிந்து முகம் வழித்தாரோ, அவர் முன்னே அரச குமாரர்கள் குனிந்தார்கள். தங்கள் குலச் செருக்கு ஒழிய வேண்டும் என்று அவர்களே அதைக் கேட்டுப் பெற்றதாகவும் அந்நூல்கள் கூறுகின்றன. எங்கே மருந்து கொடுக்கப்பட்டது பாருங்கள்! உபாலியைப் பார்த்து, "மதிப்பை நாடாதே" என்று கூறவில்லை. மதிப்பை மொத்தமாகக் குத்தகை எடுத்திருந்தவர்களுக்குத்தான் மருந்து!

நம் மண்ணிலே நடந்ததைப் பார்ப்போம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. அங்கே சாணார் என்று அழைக்கப்பட்ட மக்கள் பனையேறிப் பாடுபட்டார்கள். பாடுபட்ட அவர்களுக்கு எத்தனை தடைகள்! குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை பூணக் கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. ஆம், மேல்சாதியார் எதிரே வரும்போது மார்பை மறைக்காமல் நிற்பதுதான் 'மரியாதை' என்று விதி செய்து வைத்திருந்தார்கள்!

அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள்? அரண்மனையில் பங்கு கேட்டார்களா? ஒரு முழத் துணியைத் தோளில் போட்டுக்கொள்ள உரிமை கேட்டார்கள். கிறித்துவம் தழுவிய பெண்கள் சட்டை அணியலாம் என்று கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் அனுமதி கிடைத்தது. அணிந்தவர்களின் சட்டையைச் சந்தையிலே கிழித்தார்கள். 1829-இல் அரசு ஆணை பிறப்பித்துத் தோள்சீலை அணியும் உரிமையை மறுத்தது. போராட்டம் ஓயவில்லை. 1858-இன் இறுதியிலும் 1859-இன் தொடக்கத்திலும் கலவரம் மூண்டது. குடிசைகளும் பள்ளிக்கூடங்களும் தீக்கு இரையாயின. சென்னைக் கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் மன்னர் ஆணை வந்தது. மேலாடை அணியலாம் என்றது அந்த ஆணை. ஆனால் எப்படி? மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல மட்டும் அணியக் கூடாது என்றது!

இந்த 'ஆனால்' என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே. அடுத்த வீட்டுப் பெண் தோளைப் போர்த்திக்கொண்டால் மேல்சாதியாருக்கு என்ன நட்டம்? அவர்கள் சீலையில் ஒரு நூல் குறைந்ததா? அவர்கள் பெட்டியிலிருந்த பொன் தேய்ந்ததா? அவர்கள் வயலில் ஒரு மணி நெல் உதிர்ந்ததா? ஒன்றும் குறையவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் வித்தியாசம்! அந்த வித்தியாசம்தான் அவர்களுடைய மொத்த அந்தஸ்து. அவள் போர்த்தினால் இவர்களின் பெருமை அம்மணமாயிற்று. அதனாலேதான் கொளுத்தினார்கள்.

இதிலே இன்னொரு செய்தியும் உண்டு. அன்றைய வழக்கப்படி நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னே மேலாடை களைய வேண்டும். மேலே இருப்பவர் முன் தான் களைய வேண்டும். கீழே இருப்பவள் தன் முன் களைய வேண்டும்! தான் படும் அவமானத்துக்கு ஈடாக அடுத்தவளை அவமானப்படுத்தும் உரிமை கைக்கூலியாகக் கிடைக்கிறது. ஏணியின் இரகசியம் இதுதான். ஒவ்வொரு படியிலும் நிற்பவனுக்குத் தலைமேல் ஒரு கால். காலடியில் ஒரு தலை. தலைமேல் இருக்கும் காலை அவன் மறந்துவிடுகிறான். காலடியில் இருக்கும் தலை தரும் சுகம் அவனை மயக்கிவிடுகிறது. இப்படிப் படிப்படியாக இழிவை அடுக்கி வைத்திருப்பதால்தான், அமுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து எழ முடியவில்லை என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார் டாக்டர் அம்பேத்கர்.

இப்போது வழக்கின் மறுபக்கத்துக்கு வருவோம். ஏணியிலே கீழே கிடப்பவனுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, அடுத்த படிக்குத் தாவுவது. மற்றொன்று, ஏணியையே சாய்ப்பது. முதல் வழியை நாடியவர்களின் கதையைக் கேளுங்கள்.

1897-இல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு எழுந்தது. மதுரை நீதிமன்றத்திலே தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்று, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-இல் தோல்வியில் முடிந்தது. பதினொரு ஆண்டுகள்! நடுவிலே 1899-இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன. அந்த வழக்கிலே வைக்கப்பட்ட வாதம் என்ன? 'மனிதன் எவனும் நுழையலாம்' என்பதா? இல்லை. 'நாங்கள் க்ஷத்திரியர்கள், ஆகவே நுழையலாம்' என்பது! அன்றைய நீதிமன்றத்திலே வேறு வாதம் எடுபட்டிருக்காது என்பதை நாம் அறிவோம். ஆனாலும் அந்த வாதத்தின் விளைவைப் பாருங்கள். எந்தப் படி என்பதைப் பற்றித்தான் நீதிபதிகள் ஆராய்ந்தார்கள். ஏணி ஏன் இருக்கிறது என்று கேட்கும் வேலையே அவர்களுக்கு வரவில்லை.

ஒரு சமூகம் மட்டுமா அப்படிக் கேட்டது? நாடு முழுவதும் கேட்டது! 1901-இல் குடிக்கணக்கு எடுத்த ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாதிகளைச் சமூக மதிப்புப்படி வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார். கிளம்பிற்று போட்டி! 'எங்களை க்ஷத்திரியர் என்று எழுதுக', 'எங்களை வைசியர் என்று எழுதுக', 'எங்களை அவர்களுக்கு மேலே எழுதுக' என்று மனுக்கள் பறந்தன. 1911 கணக்கெடுப்பின்போது வங்காளத்திலே மட்டும் வந்து குவிந்த மனுக்களின் எடை ஒன்றரை மணங்கு என்று, அங்கே பொறுப்பிலிருந்த ஓமல்லி தம் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார். வங்காள மணங்குக் கணக்கில் அது ஏறத்தாழ 56 கிலோ. ஆள் எடைக்குக் காகிதம்! அத்தனை காகிதமும் ஒரு படி ஏற்றச் சொல்லிக் கேட்ட காகிதம்.

இந்த மனுக்களைக் கண்டு நாம் நகைக்கவில்லை, நெஞ்சு கனக்கிறது. கொடுமைக்கு ஆளானவன் மரியாதை தேடியதிலே பிழை இல்லை. ஆனால் அவன் மரியாதை தேடிச் சென்ற கடை, அவனை இழிவுபடுத்தியவன் நடத்தும் கடை! அங்கே மரியாதை விற்கப்படுவதில்லை. அடுத்தவனுடைய இழிவுதான் மரியாதை என்ற பெயரில் விற்கப்படுகிறது. 'நான் க்ஷத்திரியன்' என்று ஒருவன் சொல்லும்போதே, 'எனக்குக் கீழே ஒருவன் உண்டு' என்று கையொப்பம் இட்டுவிடுகிறான்.

கமுதியிலே சாத்தப்பட்ட கதவு எப்படித் திறந்தது? 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆதிதிராவிடத் தோழர்களும் நாடார் ஒருவரும் சேர்ந்து நுழைந்தார்கள். பின்னர் 1947-இல் சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் எல்லாச் சாதியினருக்கும் வாயிலைத் திறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதல்ல நமது வழக்கு. வாயிலிலே யார் தடுக்கிறார் என்பதே வழக்கு. பதினொரு ஆண்டுகள் வழக்காடி, 'நாங்கள் மேலே' என்று வாதிட்டும் திறக்காத கதவு, 'எல்லோரும் சமம்' என்றபோது திறந்துகொண்டது! எந்த வழி ஏற்ற வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே சமூகத்திலே பிறந்தவர்தான் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே நடந்த முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைவர் அவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்த மாநாடு அது. எண்ணிப் பாருங்கள்! பட்டத்துக்காக நீதிமன்றப் படியேறி அலைக்கழிந்த ஒரு சமூகத்தின் மகன், பட்டமே வேண்டாம் என்று கூறும் மாநாட்டுக்குத் தலைமை தாங்குகிறார். பேச்சோடு நிற்கவில்லை அவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என்று உத்தரவு போட்டார். தமக்கு நேர்ந்த இழிவை நினைவில் வைத்திருந்த மனிதர், இன்னொருவனுக்கு அதே இழிவு நேரக் கூடாது என்று அதிகாரத்தைப் பயன்படுத்தினார். ஏறிய பிறகு ஏணியைக் காவல் காக்காமல், ஏணிமீதே கோடரி வைத்தார். அந்தஸ்து என்றால் அது அந்தஸ்து!

"பழங்கதை பேசுகிறீர்களே" என்பார்கள். சரி, அண்மைக் கதைக்கே வருகிறோம்.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. 1996-இல் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் நாள், பட்டப்பகலில் பேருந்தை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம்? சட்டம் தந்த நாற்காலியிலே அமர ஒப்புக்கொண்டது! அந்தஸ்து ஆசைதான் தீமையின் வேர் என்போரைக் கேட்கிறோம்: அங்கே தீமை யாருடைய நெஞ்சிலே இருந்தது? அமர நினைத்தவர் நெஞ்சிலா? அவர் அமர்வதைப் பொறுக்க முடியாதவர் நெஞ்சிலா?

அதே மாவட்டத்திலே உத்தப்புரம். 1989-இல் தாழ்த்தப்பட்டோர் தெருவைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர். 2008 மே 6-இல் அதிலே ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை திறந்தது. சுவரைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? வீடுகளைப் பூட்டிக்கொண்டு, ஊரைவிட்டே வெளியேறி, மலையடிவாரத்திலே போய்த் தங்கினார்கள்! அவர்கள் நிலம் பறிபோனதா? அவர்கள் வீடு இடிந்ததா? இல்லை. நாலு பேர் நடந்து வர ஒரு பாதை கிடைத்தது, அவ்வளவுதான். 2020-இல் கடலூர் மாவட்டத்திலே ஊராட்சித் தலைவராக இருந்த ஒரு பெண்மணி, மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையிலே அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைவீதியிலே, காதலித்து மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞன் வெட்டிச் சாய்க்கப்பட்டான். அதற்குக் 'கௌரவக் கொலை' என்று பெயர் வைக்கிறார்கள். கொலைக்குக் கௌரவப் பட்டம்!

இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உயர வேண்டும் என்ற ஆசையா கத்தி எடுத்தது? இல்லை. அடுத்தவன் நமக்குச் சமமாகிவிடுவானோ என்ற அச்சம் கத்தி எடுத்தது! ஏணியிலே நிற்பவனுக்கு உறக்கம் ஏது? கீழே உள்ளவன் ஒரு படி ஏறினால் தான் ஒரு படி இறங்கிவிட்டதாக அவன் நினைக்கிறான். ஆகவே தீமையின் ஆணிவேர் ஆசையல்ல, தோழர்களே, ஏணி! அந்த ஏணியை விட்டுவிட்டு, ஏழையின் ஆசையை மட்டும் வெட்டச் சொல்கிறவன், வேருக்கு வேலி கட்டிவிட்டு இலையைக் கிள்ளச் சொல்கிறான்.

இது ஊருக்கு மட்டும் செய்யும் உபதேசமா? அல்ல. ஆலைக்குள்ளே வாருங்கள்.

நிரந்தரத் தொழிலாளி ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். இருவரும் ஒரே இயந்திரத்தின் முன்னே வியர்வை சிந்துகிறார்கள். உணவு வேளையில் ஒரே பலகையில் அமர்கிறார்களா? மேலாளர் 'வாய்யா' என்று அழைத்தால் கொதித்தெழுந்து, "மரியாதையாகப் பேசு" என்று முழங்கும் சங்கத் தோழர், கழிவறை கழுவ வரும் பெரியவரை "என்னப்பா, நீ" என்று அழைக்கிறாரா, "வாங்க ஐயா" என்று அழைக்கிறாரா? பாதுகாப்புக் கருவிகள் இன்றி மலக்குழியில் மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் நச்சுக்காற்றிலே மூச்சு முட்டிச் செத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லோரும் தொழிலாளிகள் அல்லவா? அவர்களுக்காக எத்தனை ஆலைகளில் சங்கு ஊதிற்று? மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்கும் வாய், கீழே இருப்பவனிடம் அதிகாரம் பேசினால், அந்த வாய் கேட்டது சமத்துவம் அல்ல. ஒரு படி உயர்வு!

மேடையையும் பார்ப்போம். தொண்டனுக்குப் பொறுப்பு வேண்டும் என்ற ஆசை இருக்கட்டும், இருக்க வேண்டும். ஊராட்சியிலே அமர, நகரமன்றத்திலே அமர, சட்டமன்றத்திலே அமர, உழைப்பவன் ஆசைப்படாவிட்டால் அந்த இடங்களிலே யார் போய் அமர்வார்கள்? பண்ணையாரும் பணமூட்டையும்! 'பதவி ஆசை வேண்டாம்' என்று பாட்டாளிக்குச் சொல்லிவிட்டு, தம் பிள்ளைக்குப் பதவி தேடுபவர்களை நாடு அறியும். ஆனால், நாற்காலி கிடைத்ததும் நிற்பவனை மறப்பவன், மாலை விழுந்ததும் மாலை கட்டியவனை மறப்பவன், சுவரொட்டியிலே தன் படம் சிறுத்துவிட்டது என்று ஒட்டிய தம்பியோடு சண்டைக்கு நிற்பவன், இவன் ஏணி ஏற வந்தவன். இவனுக்கும் உத்தப்புரத்துச் சுவருக்கும் உறவு உண்டு.

இரண்டு ஆசைகளையும் பிரித்தறிய உரைகல் ஒன்று சொல்கிறோம். எந்த மரியாதையை நீங்கள் நாடினாலும், ஒரே கேள்வி கேளுங்கள்: 'இது எல்லோருக்கும் கிடைத்துவிட்டால், எனக்கு மகிழ்ச்சியா, வருத்தமா?' பள்ளிக்கூடம், தோள்சீலை, பேருந்தில் இருக்கை, 'வாங்க' என்ற சொல், பாதுகாப்பான வேலை, நல்ல கூலி — எல்லோருக்கும் கிடைத்தாலும் இவற்றில் உங்கள் பங்கு குறையாது. இவற்றை ஆசைப்படுங்கள், ஓயாமல் ஆசைப்படுங்கள்! எல்லோருக்கும் கிடைத்தால் எதன் மதிப்பு செத்துப் போகிறதோ, சாதிப் பட்டம், தனி வாசல், தனிக் குவளை, தனிச் சுடுகாடு, அது மரியாதை அல்ல. அடுத்தவன் முதுகிலே அடித்த முத்திரை. அதை உங்கள் கையாலேயே அழியுங்கள்.

'அடங்கி இரு' என்று நாளையும் உபதேசம் வரும். பட்டு நாற்காலியிலிருந்துதான் வரும். அவர்களுக்குப் பணிவோடு ஒரு விடை சொல்லுங்கள்: "ஐயா, எங்களுக்கு உங்கள் தலைக்கு மேலே இடம் வேண்டாம். உங்கள் காலுக்குக் கீழேயும் இடம் வேண்டாம். உங்கள் பக்கத்திலே இடம் வேண்டும்."

அதற்கு அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தால் நண்பர்கள். கொடுக்க மறுத்தால், தீமையின் வேர் எங்கே இருக்கிறது என்பது அப்போதே விளங்கிவிடும்.

ஏணியில் ஏறியது போதும், தோழர்களே! எறிவோம், வாருங்கள்!